தலை தெரியாத இறைச்சி

அவருடைய கடையில் முதலில் கண்ணில் படுவது தலைதான். மேசையின் வலது ஓரத்தில் சாக்கை விரித்து, அன்றைக்கு அறுத்த மாட்டின் தலையைக் கொம்போடும் காதோடும் தெருவைப் பார்க்க வைத்திருப்பார். பாதி மூடிய கண்ணோடு அது போகிறவர் வருகிறவரையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும். சின்னப் பிள்ளைகள் உம்மாவின் ஹபாயாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள். மற்ற இறைச்சிக் கடைகளில் தலை காலையிலேயே போய்விடும். தலைக்கறிக்கு எப்போதும் ஆள் காத்திருக்கும். இவரோ கடைசித் துண்டு இறைச்சி விற்றுத் தீர்ந்த பிறகுதான் தலையில் கத்தி வைப்பார்.

“தலை தெரியாத இறைச்சிய வாங்கப்படாது தம்பி,” என்பார். “என்ன உசிரெண்டு கேக்காமத் தின்றவனுக்கு என்னத்தையும் தின்னக் குடுக்கலாம்.”

சாய்ந்தமருது பிரதான வீதியில் அவருடைய கடைக்கு நாலு கடை தள்ளி என்னுடைய பாமசி, மருந்துக் கடை. வாப்பா நடத்தியது, பிறகு என் கைக்கு வந்தது. அவரை நான் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டேன். ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. முதுகுக்குப் பின்னால் ‘பேணுதல் காக்கா’ என்றும் ஒரு பெயர் இருந்தது. ஹலால் எது, ஹராம் எது என்பது எல்லாருக்கும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் சந்தேகம் என்று ஒரு ஓரம் இருக்கிறதே, அதில் கால் படாமல் நடப்பதற்குத்தான் எங்கள் ஊரில் பேணுதல் என்று பெயர். நாங்களெல்லாம் அதைப் பற்றி வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பிஸ்கட் தின்போம். அவர் பிஸ்கட் பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்.

பார்ப்பாரே தவிர, அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. வாசிக்கிற வேலை என்னுடையது. கட்டாரில் இருக்கும் மூத்த மருமகன் லீவில் வந்தால் அன்றைக்கு என் கவுண்டரில் ஒரு சொக்லட் கடையே விரியும். “இதுல என்னென்ன போட்டிரிக்காங்க? ஒவ்வொண்டா செல்லு,” என்பார். ஜெலட்டின் என்று வாசித்தேனோ தீர்ந்தது, எந்த உயிரின் எலும்போ தோலோ என்று, பேரப்பிள்ளை கத்தக் கத்த அது குப்பைக்குப் போகும். ஒரு நாள் கடையில் நல்ல சனம். ஒரு ஜெலி பக்கெட்டை நீட்டினார். நான் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இதுல ஒண்டுமில்ல காக்கா,” என்றேன். அவர் நகரவில்லை.

“நீ வாசிக்கல்ல.”

“வாசிச்சன் காக்கா.”

“கண்ணு எழுத்துல ஓடல்லியே. வாசிக்கிறவன்ட கண்ணு ஓடும். நீ ஒரே இடத்தப் பாத்துக்கிட்டு நிக்காய்.”

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு மானம் போயிற்று. ஒழுங்காக வாசித்துச் சொன்ன பிறகுதான் போனார். எழுத்துத் தெரியாத மனிதர் என் கண்ணை வாசிக்கிறார் என்பதை அன்றைக்கு நான் ஒரு பகிடியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அவரைப் பற்றி ஊரில் சொல்லிச் சிரிக்கிற கதை இன்னொன்று உண்டு. ஒரு நாள் மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து வந்து பார்க்கிறார், தலையைக் காணோம். நாய் இழுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஓடிவிட்டது. கொக்கியில் இன்னும் அரைத் தொடை இருந்தது. வேறு யாராக இருந்தாலும் நாயை நாலு திட்டுத் திட்டிவிட்டு யாவாரத்தைப் பார்ப்பார்கள். இவர் துணியால் இறைச்சியை மூடினார். பிறகு காலையில் அந்தத் தலையைக் கண்டவர்கள் யார் யார் என்று யோசித்து யோசித்து ஆள் அனுப்பினார். “காலைல தலையக் கண்டீங்கதானே? அப்ப உங்களுக்குத் தரலாம்.” காலையில் சும்மா அந்த வழியால் நடந்துபோன குற்றத்துக்காக நானும் சாட்சியாகி, தேவையில்லாத இரண்டு கிலோவைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனேன். “உங்களுக்கென்ன பைத்தியமா?” என்று பெண்சாதி கேட்டாள். எனக்கில்லை, காக்காவுக்கு என்றேன்.

இப்படி எதையும் திறந்து வைக்கிற மனிதர் எதையாவது ஒளிப்பார் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கவே மாட்டேன்.

நோய் அவருக்கு எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. மேல் வயிற்றில் ஒரு வலி வரும், முதுகால் போகும், பெருங்காயம் கரைத்துக் குடிப்பார், பின்னேரம் அஸர் தொழுகைக்குள் எழும்பிவிடுவார். அப்படியே சில வருசங்கள் போயின. ஒரு ரமழானுக்குப் பிறகு கடைக்கு வந்தவரைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டை அவரில் இல்லை. சட்டைக்குள் எங்கேயோ அவர் இருந்தார். மாட்டுத் தொடையை ஒரு கையால் தூக்கிக் கொக்கியில் மாட்டுகிற மனிதர், கத்தியையே இரண்டு கையால் பிடித்தார். தின்றதெல்லாம் எண்ணெயாகவே வெளியே போகிறது என்று வெட்கத்தோடு என் காதில் சொன்னார். எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டவில்லை.

மூத்த மகள் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டொக்டர் முதலில் கேட்ட கேள்வி, “சாராயம் குடிக்கிறதா? எத்தனை வருசம்?”

அதை அவரே என்னிடம் வந்து சொன்னார். “என்ட புள்ள பக்கத்துல நிக்கா தம்பி. அவட முகத்தப் பாக்க ஏலாமப் போயிட்டு. நான் சோடாவே குடிக்கிறல்ல.”

டொக்டரில் குற்றமில்லை. கணையம் வெந்து வெந்து சுருங்கிப்போகிற அந்த வருத்தம் குடிக்கிறவர்களுக்கு அதிகம் வரும், குடிக்காதவர்களுக்கும் வரும். ஆனால் ஊர் வாய்க்கு முதல் பாதி போதும். ஒரு கிழமைக்குள் அது தேநீர்க் கடை வரைக்கும் வந்துவிட்டது. காக்கா என்ன செய்தார் தெரியுமா? டொக்டர் எழுதிக் கொடுக்கிற தன்னுடைய கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்து, மேசையில் மாட்டுத் தலைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார். இறைச்சி வாங்க வந்தவர்களிடம், “டொக்டர் ‘குடிக்காதவர்’ எண்டு எழுதியிரிக்கார். வாசிக்கத் தெரிஞ்சாக்கள் வாசிச்சுப் பாருங்க,” என்றார். மூன்று நாள் அது அங்கேயே கிடந்தது. கொப்பியில் இரத்தக் கறை பட்டதுதான் மிச்சம். நானும் வாசித்தேன். உண்மையிலேயே அப்படித்தான் எழுதியிருந்தது.

டொக்டர் எழுதிய மருந்துத் துண்டைக் கொண்டு அவர் என்னிடம் வந்தார். அதில் எழுதியிருந்த மாத்திரையை, எங்கள் பேச்சில் குளிசையை, நான் அதுவரைக்கும் விற்றதில்லை. கொழும்புக்குச் சொல்லி எடுப்பித்தேன். கணையம் சுரக்கிற நீரைத்தான் அந்தக் குளிசை வயிற்றுக்குக் கொடுக்கிறது என்று டொக்டர் விளங்கப்படுத்தியிருந்தார். ஒரு நாளைக்கு மூன்று வேளை.

மூன்று மாதம் கழிந்தது. ஆள் இன்னும் இளைத்துப்போனார். வெறும் எலும்பு. ஒரு நாள் வெற்றுப் பெட்டியைக் கவுண்டரில் வைத்து, “இந்த மருந்து எனக்குச் சரிவரல்ல தம்பி. ஹயாத்து அவ்வளவுதான் போல,” என்றார். பக்கத்தில் நின்ற மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எப்பிடிப் போடுறீங்க காக்கா?”

“மூணு வேளதானே. சுபஹு தொழுதிட்டு ரெண்டு, லுஹர் தொழுதிட்டு ரெண்டு, இஷா தொழுதிட்டு ரெண்டு. ஒரு நாளும் விடல்ல.”

எங்கள் ஊரில் மருந்து போடுகிறவர்கள் பாதிப் பேர் இப்படித்தான். மணிக்கூடு பார்க்கிறதில்லை, தொழுகை வக்துதான் மணிக்கூடு. பிரஷர் குளிசைக்கு அது போதும். இதற்கும் போதுமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. புதுப் பெட்டியைத் திறந்து, உள்ளே மடித்துக் கிடந்த கடதாசியை முதல் தடவையாக விரித்தேன். மூன்று மாதமாக விற்கிறேன், அன்றைக்குத்தான் விரிக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வரும்.

சாப்பாட்டோடு போட வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது. முதல் கவளத்தோடு. வெறும் வயிற்றில் போட்டால் பிரயோசனமில்லை. அவர் தொழுதுவிட்டுக் குளிசையைப் போட்டு, ஒரு மணித்தியாலமோ இரண்டு மணித்தியாலமோ கழித்துச் சோறு தின்றிருக்கிறார். மூன்று மாத மருந்தும் தண்ணியில் போட்ட மாதிரி.

அதற்குக் கீழே, எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று ஒரு வரி. அதில் ஒரு சொல் எனக்கு விளங்கவில்லை. போனில் தட்டிப் பார்த்தேன்.

பன்றி.

போனைக் கவிழ்த்து வைத்தேன். அந்தச் சொல்லை எங்கள் வீடுகளில் வாயால் சொல்வதே குறைவு. என் முன்னால் நிற்பவர் யார்? பேரப்பிள்ளையின் வாயிலிருந்து ஜெலியைப் பிடுங்கி எறிந்த மனிதர். தலை தெரியாத இறைச்சியை விற்க மாட்டேன் என்று துணி போட்டு மூடிய மனிதர். அவருக்கு மூன்று மாதமாக என் கையால் இதைக் கொடுத்திருக்கிறேன். வேறு மருந்து இருக்கிறதா என்று அங்கேயே நின்று போனில் தேடினேன். நான் பார்த்த எல்லாம் அதிலிருந்துதான்.

“என்ன எழுதியிரிக்கி?” என்றார்.

“சோத்தோட போடட்டாம் காக்கா. முதல் கவளத்தோட. வெறும் வயித்துல போட்டா வேல செய்யாதாம். அதுதான் பிழையாப் போயிருக்கு.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றாள் மகள். முதல் தடவையாகச் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “வேற?”

“வேற ஒண்டுமில்ல.”

“மருந்தெண்டு நானும் கேக்காம இருந்திட்டன். போன கிளினிக்குலதான் டொக்டர் சென்னார், இது ஒரு உசிர்ட சாமான்ல எடுக்கிறதெண்டு. என்ன உசிரெண்டு போட்டிரிக்கா?”

சொன்னால் அந்த நிமிசமே பெட்டியை வைத்துவிட்டுப் போய்விடுவார். போனால் இரண்டு மூன்று மாதத்தில் ஜனாஸா. எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. மகளின் சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது.

“மாடு, காக்கா,” என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு மெல்ல, “பாத்தியா,” என்றார். “குடலுக்குப் பக்கத்துல ஒரு துண்டு வரும், ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. நாப்பது வருசமா அத நான் பூனைக்குப் போட்டன். அதுதான் இண்டைக்கு என்ன வாழ வெக்கப் போகுது.”

நான் கடதாசியை மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அடுத்த பெட்டியிலும் அதை எடுத்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

மருந்து வேலை செய்தது. அதுதான் என்னை மேலும் கோழையாக்கியது. ஒரு மாதத்துக்குள் கன்னம் தெரிந்தது. மூன்றாம் மாதம் மாட்டுத் தொடையைத் தனியாகத் தூக்கி மாட்டினார். தெருவில் என்னைக் கண்டால் மகள் எனக்காகத் துஆச் செய்வாள். எனக்குச் சோறு இறங்காது. மனம் கேட்காமல் கல்முனையில் ஒரு மௌலவியிடம் போனேன். இன்னொரு ஆளுக்கு என்று சொல்லித்தான் கேட்டேன். அவர் ஆற அமரக் கேட்டுவிட்டு, “வேற மருந்தில்ல, விட்டா உசிருக்கு ஆபத்து எண்டு நம்பிக்கையான டொக்டர் சென்னா அவர் போடலாம். ஆனா அவருக்குத் தெரியணும். நிர்ப்பந்தம் அவருக்கு, உங்களுக்கில்ல. நீங்க முடிவெடுக்கப்படாது,” என்றார். சரி ஹசரத் என்று எழும்பி வந்தேன். நாளைக்குச் சொல்வோம், அடுத்த கிழமை சொல்வோம் என்று நாளைக் கடத்தினேன். நல்லாக இருக்கிற மனிதரை ஏன் குழப்ப வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அந்த வருச ஹஜ்ஜுப் பெருநாளைக்கு எங்கள் குர்பான் மாட்டை அறுக்க அவர் வரவில்லை. வாப்பா காலத்திலிருந்து எங்கள் மாட்டை அவர்தான் அறுப்பார். கூப்பிடப் போனேன். “கை நடுங்குது தம்பி, என்ட தம்பிக்காரன அனுப்புறன்,” என்றார். தேநீர்க் கோப்பையைப் பிடித்திருந்த அவருடைய கையைப் பார்த்தேன். ஒரு சொட்டு ஆடவில்லை.

அதற்குப் பிறகு அவர் அறுக்கவே இல்லை. மாடு அறுக்கிற மடுவத்துக்குத் தம்பிக்காரன் போனார், கடையிலும் தம்பிக்காரன்தான் நின்றார். காக்கா ஒரு கதிரையில் உட்கார்ந்து தலையை மட்டும் பார்த்துக்கொள்வார், ஈ ஓட்டுவார். உடம்பு தேறிய நேரத்தில் கத்தியை வைக்கிறாரே என்று ஊரே ஆச்சரியப்பட்டது. வருத்தம் உள்ளுக்குள் தின்றிருக்கும் என்றார்கள். கலியாண வீடுகளில் சஹனில் உட்காருவதையும் விட்டுவிட்டார். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே பெரிய தட்டில் தின்கிற அந்தச் சாப்பாடு இல்லாமல் எங்கள் பக்கத்தில் ஒரு விருந்தும் இல்லை. அவர் போவார், வாழ்த்துவார், தின்னாமல் வந்துவிடுவார். பத்தியம் இருக்கிறார் என்று நினைத்து, “நல்ல வேல காக்கா, நெய்ச்சோறு உங்களுக்குக் கூடாது,” என்று நான் பாராட்டியும் இருக்கிறேன். என்னைப் போல ஒரு மடையன் இருக்க முடியாது.

குளிசையையும் கொஞ்ச நாளில் என்னிடம் எடுப்பதை நிறுத்திவிட்டார். மகள் மட்டக்களப்பில் எடுக்கிறாளாம், அங்கே வேலைக்குப் போய் வருகிறாளாம். எனக்கு ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அவர் மௌத்தாகி இப்போது மூன்று வருசம். அந்தக் கணைய வருத்தத்தால் அல்ல, நெஞ்சு வலியால். ஒரு அஸர் நேரம், கதிரையில் இருந்தபடியே போனார். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு ஜனாஸா ஞாபகம் வருவதில்லை. அவருடைய இளைய மகளின் கலியாணப் பகல்தான் வரும்.

மாப்பிள்ளை சம்மாந்துறைக்காரர். அவருடைய வாப்பா அரிசி மில் வைத்திருக்கிறவர், நல்ல மனிதர். தங்களோடு ஒரே சஹனில் பெண்ணின் வாப்பா உட்கார வேண்டும் என்று சம்மந்தி பிடிவாதமாக நின்றார். மறுத்தால் மரியாதை இல்லை. காக்கா சரி என்றார். பிறகு பந்தலில் என்னைத் தேடிப் பிடித்து, “நீயும் என்ட சஹன்ல இரி,” என்றார். சம்மந்தி, சம்மந்தியின் தம்பி, பள்ளிவாசலை நடத்துகிற மரைக்கார், மாப்பிள்ளையின் மாமா, காக்கா, நான். ஆறு பேர். சோறும் கோழிப் பொரியலும் நடுவில் ஆவி பறந்தன. கை கழுவியாயிற்று. மரைக்கார் கையை நீட்டப் போனார்.

“கொஞ்சம் பொறுங்க,” என்றார் காக்கா.

சட்டைப் பையிலிருந்து இரண்டு குளிசையை எடுத்துச் சஹன் ஓரத்தில் வைத்தார். பிறகு ஒரு கடதாசியை எடுத்தார். நான் எடுத்து எடுத்து ஒளித்த அதே கடதாசி. அதை விரித்துப் பாயில் வைத்தார்.

“எனக்குச் சோத்தோட இது போடணும். போடாட்டித் தின்ற ஒண்டும் உடம்புல ஒட்டா. இது பண்டிட வயித்துல எடுக்கிற சாமான்.”

கலியாணப் பந்தலில் அந்தச் சொல். பக்கத்துச் சஹனில் கவளத்தோடு ஒரு கை அப்படியே நின்றது. யாரோ “அஸ்தஃபிருல்லாஹ்” என்றார்கள்.

“என்ட மகள் வாசிச்சுச் செல்லித்தான் எனக்குத் தெரியும். மௌலவிட்டக் கேட்டன். வேற மருந்தில்லாட்டி ஆகும் எண்டார். ஆனா அது எனக்கு. நான் கை போடுற தட்டுல நீங்களும் கை போடப் போறீங்க. அதால செல்றன். மனம் ஒப்பாதாக்கள் அடுத்த சஹன்ல இரிங்க. நான் கோவிக்க மாட்டன்.”

முதலில் மரைக்கார் எழும்பினார். “வாசல்ல ஆக்கள் வந்திரிக்காங்க போல, பாத்திட்டு வாறன்.” மாப்பிள்ளையின் மாமாவும் எழும்பினார். சம்மந்தியின் தம்பி அண்ணனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். சம்மந்தி கடதாசியைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

“எத்தின காலமாப் போடுறீங்க?”

“ரெண்டு வருசம் தாண்டிட்டு.”

“ஆரு தந்த?”

நான் சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

“டொக்டர் எழுதின,” என்றார் காக்கா.

சம்மந்தி கடதாசியை இருந்த இடத்திலேயே வைத்தார். கண் கலங்கியிருந்தது. “பிழையா எடுக்கப்படாது சம்மந்தி. நீங்க செஞ்சது சரி. ஆனா எனக்கு மனம்...” என்று சொல்லி முடிக்காமல் எழும்பிப் போய், அடுத்த பாயில் உட்கார்ந்தார். தம்பியும் பின்னால் போனார். ஆறு பேர் சோற்றுக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேர் மிஞ்சினோம். முழுப் பந்தலும் எங்களையே பார்க்கிறது என்று தலை நிமிராமலே தெரிந்தது. சொந்த மகளின் கலியாணத்தில் ஒரு மனிதருக்கு இதைவிட வேறென்ன நடக்க வேண்டும்?

“எப்பயிருந்து தெரியும் காக்கா?” என்றேன்.

“அண்டைக்கே ஒரு மாதிரி. மாடெண்டு செல்லக்குள்ள உன்ட கண்ணு ஓடல்ல, ஒரே இடத்துல நிண்டிச்சு.” சோற்றை மெல்லக் கிளறினார். “அடுத்த பெட்டிக்குள்ள கடதாசியக் காணல்ல. தலையில்லாத இறைச்சி. மகள மட்டக்களப்புல ஒரு பெட்டி எடுக்கச் சென்னன். அதுல இருந்திச்சு. மௌலவிட்டப் போனா, இதே கேள்விய இன்னொரு ஆளும் கேட்டாரெண்டு செல்றார். ஆரெண்டு கேக்கல்ல. எனக்குத் தெரியும்தானே.”

“அப்ப... கத்திய வெச்சது?”

“தலைய ஒளிச்சு வெச்சிக்கிட்டு எப்பிடி ஊருக்கு அறுக்கிற?”

“ஊருக்குச் செல்லியிருக்கலாமே காக்கா. மௌலவியே ஆகுமெண்டாரே.”

“செல்லலாம். மறுகா முதல் கேள்வி என்ன? ‘உங்களுக்கு வாசிச்சது ஆரு?’ எனக்கு வாசிக்கிறது ஆரெண்டு ஊருல தெரியாத ஆளிரிக்கா?” என்னைப் பார்த்தார். “உன்ட கடைக்கு ஒரு புள்ள வராது தம்பி. நீயும் புள்ள குட்டிக்காரன்.”

இரண்டு வருசம். கிளினிக் கொப்பியையே தெருவுக்கு விரித்து வைத்த மனிதர், எனக்காக இரண்டு வருசம் வாயை மூடிக்கொண்டு, கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கதிரையில் ஈ ஓட்டியிருக்கிறார். நான் அழுதேன். பந்தலில், எல்லாரும் பார்க்க, மூக்கு ஒழுக அழுதேன்.

“நீங்க போடாம விட்டுருவீங்க எண்டுதான் காக்கா பயந்த. மௌத்தாப் போயிருவீங்க எண்டு.”

“தெரியும்.” குளிசை இரண்டையும் உள்ளங்கையில் எடுத்தார். உடனே வாயில் போடவில்லை. “ஆனா, விட்டிருப்பனா? எனக்குத் தெரியா. எனக்குத் தெரியவரக்குள்ள உடம்பு தேறிட்டு. சோத்துட ருசி திரும்பி வந்திட்டு. மறுகா விட மனம் வரல்ல. மௌலவிட சொல்லும் கையில இரிக்கி. சாகக் கிடக்கக்குள்ள கேட்டிருந்தா என்ன செஞ்சிருப்பன்? ஊரெல்லாம் பேணுதல் காக்கா, பேணுதல் காக்கா எண்டாங்களே, அது எவ்வளவெண்டு பாக்க அல்லா எனக்கு ஒரு நாளத் தந்தான். அந்த நாள நீ எடுத்திட்டாய்.”

கோபமில்லை அந்தக் குரலில். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர் ஒரு கவளம் எடுத்தார், குளிசையை அதோடு சேர்த்து விழுங்கினார். பிறகு கோழித் துண்டொன்றை என் பக்கம் தள்ளிவைத்தார்.

“தின் தம்பி,” என்றார். “சோறு ஆறுது.”